எச் பூஜ்யமா, இல்லையா?

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருத்தி பழைய குரூப் போட்டோவைப் போட்டாள். மூன்றாம் வரிசையில் இடது ஓரம் நிற்கும் என் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, கீழே "நம்ம நெட் சென்டர்" என்று எழுதி, சிரிக்கும் முகங்கள் நான்கு வைத்திருந்தாள். அன்று மாலைக்குள் இருபது பேர் சிரித்துவிட்டீர்கள். நானும் பதிலுக்கு ஒரு சிரிப்பைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. கண்ணாடி போடாமல் அந்தப் போட்டோவில் ஒருத்தி முகமும் எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில் ஒரு பட்டப்பெயருக்காகக் கோபப்படுவது அழகா என்று என் தங்கை கேட்டாள். கோபமெல்லாம் இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குத் தப்பாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கணக்கு சாரை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா, கக்கத்தில் ஸ்டென்சில் மை வாசனை அடிக்கிற ஒரு கட்டுத் தாள். அவர் வகுப்பில் யாரும் பெயில் ஆனதில்லை என்பது ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்ட பெருமை. அவருடைய வழி சுலபமானது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று அவருக்கு அத்துபடி. வராததை நடத்த மாட்டார். வருவதை ஸ்டென்சில் தாளில் விடையோடு எழுதிக் கொடுத்துவிடுவார். நாம் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். பதினொன்றாம் வகுப்புக் கணக்கை நமக்கு முழுசாக நடத்தியதாக எனக்கு நினைவில்லை. அது பொதுத்தேர்வு இல்லை என்பதால் பாதியில் மூடிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டார்கள். நுண்கணிதம் வந்தபோது, அடித்தளம் ஒன்று வேண்டுமே என்று, ஒரே ஒரு பீரியடில் வகைக்கெழு என்றால் என்ன என்று பலகையில் எழுதிப் போட்டார்.

ஆடி மாதம் அது. ஜன்னல் வழியாக அரிசி ஆலையிலிருந்து நெல் அவிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. பலகையில் அவர் எழுதியதைக் காப்பி பண்ணிக்கொண்டே வந்த எனக்கு, எச் என்ற ஆங்கில எழுத்து வந்த நான்காவது வரியில் கை நின்றுவிட்டது. எழுந்தேன்.

"சார், ஒரு சந்தேகம்."

"இன்னா?"

"மேல எச்சால வகுக்கறோம். அப்படின்னா எச் பூஜ்யம் இல்ல. அடுத்த வரியில எச்சுக்குப் பூஜ்யம் போடறோம். முதல்ல இல்லன்னு சொல்லிட்டு அப்புறம் எப்படி சார் பூஜ்யம் ஆவும்?"

"சூத்திரத்த எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன் சார்."

"அது போதும். பரீட்சையில சூத்திரத்ததான் கேப்பான். உக்காரு."

உட்கார்ந்தேன். மறுநாள் மறுபடியும் கேட்டேன். "வராத கேள்விய கேட்டு மத்தவங்க நேரத்த வீணாக்காத" என்றார். மூன்றாம் நாளும் கேட்டேன். உட்காரச் சொன்னார். "பதில் சொல்லுங்க சார், உக்காந்துக்கறேன்" என்றேன். நீங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அவர் அடிக்கிற ஆள் இல்லை. "அப்ப நில்லு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

நான்கு நாள் அவர் பீரியட் முழுக்க நின்றேன். கால் வலிக்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் தறியில் உட்கார்ந்து மிதி மிதித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற கால் அது. ஐந்தாம் நாள் அவர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். என்னைப் பார்த்து, "ஏன் நிக்கற?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். நின்ற நான்கு நாளில் வராத அவமானம் உட்கார்ந்த அந்த நிமிஷத்தில் வந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பட்டுக்கடை. அதற்கு மேல்மாடியில் ஜெராக்ஸ் கடை. சாரின் தாள்களை நாம் எல்லோரும் அங்கேதான் ஜெராக்ஸ் எடுப்போம். அதை நடத்திய அக்காவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் வெளிநாட்டில். கைக்குழந்தையைக் கடைக்குள்ளேயே புடவைத் தூளியில் போட்டுவிட்டு, ஒரு கையால் தாளை மாற்றி, மறு கையால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். அந்த வருஷம்தான் கடையின் ஒரு பக்கம் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பிளைவுட்டில் மூன்று அறை அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவும் வைத்திருந்தாள். கதவு வைத்ததே பெரிய பேச்சாகிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இதுல இன்னா வேணா கேக்கலாமாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேளேன். பதில் வருதா பாரு. வரலன்னா என்ன திட்டாத."

அரை மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியதைத் தமிழிலேயே, ஆங்கில எழுத்தில் அடித்தேன். மோடம் கீச்சென்று கத்தி, கொரகொரத்து, ஒரு பக்கம் வருவதற்குள் குழந்தை இரண்டு முறை அழுது தூங்கியது. வந்த பக்கத்தில் கணக்கே இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு வகைக்கெழு தெரியும், எல்லை தெரியும், தொடர்ச்சி தெரியும். அவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியாது. பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது?

அந்தப் பெயர்களைக் கொடுத்தவள் இங்கிலீஷ் மீடியம் பிரிவில் இருந்த ஒருத்தி. தெள்ளார் பக்கத்து ஜைனக் குடும்பம். இங்கே சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற வீடு என்பதால் கடைசி மணி அடித்ததும் ஓடிவிடுவாள். எங்களுக்குக் கிடைத்தது மதிய இடைவேளை மட்டும்தான். இரண்டு புத்தகமும் ஒரே புத்தகம். அதே படம், அதே கணக்கு, மொழி மட்டும் வேறு. சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, என் விரல் ஒரு வரியிலும் அவள் விரல் அதே வரியிலுமாகப் போவோம். ரஃப் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே வந்தேன். வகைக்கெழு டெரிவேட்டிவ். எல்லை லிமிட். பெருமம் மேக்ஸிமம். இரண்டு வாரத்தில் நூற்றுக்கு மேல் சேர்ந்தது. அந்த நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு மாறியபோது எடைக்குப் போயிருக்கும். என் கல்யாணப் புடவை தொலைந்திருந்தால்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டேன்.

மறுபடி போனபோது தேடியது கிடைத்தது. கணக்குக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு ஃபோரம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். என் கேள்வியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்தேன். முதலில் எச் பூஜ்யம் இல்லை, பிறகு எச் பூஜ்யம், இரண்டும் எப்படி? மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அதில் மூன்று தப்பு என்று இப்போது தெரிகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில், என் வகுப்பில் இதைக் கேட்டதற்கு என்னை நிற்க வைத்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துப் போனேன். ஆறு பதில் வந்திருந்தது.

நம்புங்கள், ஆறு. எனக்குப் பதில் சொல்ல வந்த இரண்டு பேர், எப்படிச் சொன்னால் நன்றாகப் புரியும் என்று அவர்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பதிலின் முதல் வரியை வாசிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. இது கேட்க வேண்டிய கேள்விதான், இதே கேள்வியை வைத்துப் பெரிய பெரிய கணித மேதைகளே நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கேட்டதற்காக உன்னை நிற்க வைத்தார்கள் என்றால் நீ நல்ல துணையோடுதான் நின்றிருக்கிறாய் என்றும் இருந்தது. பிளைவுட் அறைக்குள் உட்கார்ந்து அழுதேன். அக்கா கதவைத் தட்டி, "கரண்ட் போவப் போவுது, ஜல்தியா பாரு" என்றாள்.

விளக்கம் இரண்டே வரிதான். எச்சுக்கு நாம் பூஜ்யம் போடவே இல்லை. எச் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகப் போக விடை எந்த எண்ணுக்குப் பக்கத்தில் போகிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். நம்பாவிட்டால் நீயே போட்டுப் பார் என்று ஒரு கணக்கும் கொடுத்திருந்தார்கள். எக்ஸ் வர்க்கம், எக்ஸின் மதிப்பு மூன்று, எச்சுக்கு முதலில் புள்ளி ஒன்று, பிறகு புள்ளி பூஜ்யம் ஒன்று, பிறகு இன்னும் சிறியதாக.

சேவூர் போகிற டவுன் பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு போட்டேன். ஆறு புள்ளி ஒன்று வந்தது. அடுத்து ஆறு புள்ளி பூஜ்யம் ஒன்று. அடுத்து ஆறு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்று. எந்த இடத்திலும் எச் பூஜ்யம் ஆகவில்லை. ஆனாலும் எல்லாம் ஆறைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தன. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எச் மைனஸாக இருந்தால்? அதை யாரும் கொடுக்கவில்லை. நானாகப் போட்டேன். ஐந்து புள்ளி ஒன்பது. ஐந்து புள்ளி ஒன்பது ஒன்பது. இந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஆறுதான். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. வயல் ஓரமாகத் திரும்பி நடந்து வந்தேன். அன்று எனக்கு யாரும் எதுவும் தர வேண்டியதாக இல்லை.

அதன்பிறகு வாரம் இரண்டு முறை போனேன். அக்காவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். நான் உட்காருகிற நேரம் தூளிக் கயிறு என் பொறுப்பு. கயிற்றை வலது காலில் கட்டிக்கொண்டு கீபோர்டில் அடிப்பேன். அடுக்குக்கு ஒரு கூரைக் குறி. வர்க்கமூலத்துக்கு நான்கு எழுத்து. தொகையிடலுக்குப் போடுகிற அந்த நீண்ட எஸ் எழுத்து கீபோர்டில் கிடையவே கிடையாது, அதற்கும் எழுத்துகள்தான். ஒரு முறை முழுக் கணக்கையும் அடித்து விடை கேட்டேன். நீ இதுவரை செய்ததைக் காட்டு, அப்புறம் பேசலாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். நான் என்ன செய்தேன் என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் வந்தது வினை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பவர்லூம் வைத்திருந்தார். கீழே இருந்த பட்டுக்கடைக்குச் சேலைக் கட்டோடு வந்தவர் நான் மாடிப்படி ஏறுவதைப் பார்த்துவிட்டார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, உங்க பொண்ணு கதவு வச்ச ரூமுக்குள்ள உக்காந்துகினு எவன்கூடவோ பேசிகினு இருக்கா. ஊரே சிரிக்குது. பரீட்சை முடியற வரைக்கும்கூட வெக்காதீங்க. நான் கலசப்பாக்கத்துல ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன்."

அப்பா கோபக்காரர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னதை மாற்றுவது கஷ்டம். "நாளையிலருந்து பள்ளிக்கூடம் உண்டு, ஊடு உண்டு. வேற எங்கயும் போவாத" என்றார். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து வந்தது அமாவாசை. அன்று தறி ஓடாது. வீடு அமைதியாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமாவும் இருந்தார். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற தாளில் அக்கா பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்ததையெல்லாம், நாலு விரல் உயரத்துக்கு இருக்கும், கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன்.

"இதுதாம்பா நான் பேசினது. எல்லாம் இருக்குது. ஒரு தாள்கூட எடுக்கல."

அப்பா எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலம் தெரியாது. ஆனால் தாளைப் புரட்டினால் எண்கள் தெரியும்.

"யாரும்மா இது, எழுதினது?"

"தெரியாதுப்பா."

"ஆம்பளயா, பொம்பளயா?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது."

மாமா, "கேட்டீங்களா" என்றார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "பேரு தெரியாது, ஊரு தெரியாது. பின்ன எப்படிமா நம்பற?"

"நம்பலப்பா. போட்டுப் பாத்தேன். சரியா வருது." பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நீயே போட்டுப் பாரு. மூணு புள்ளி ஒண்ண மூணு புள்ளி ஒண்ணால பெருக்கு."

அவர் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. தாளின் ஓரத்தில் பழைய முறையில், புள்ளியை விட்டுவிட்டு முப்பத்தொன்றை முப்பத்தொன்றால் பெருக்கி, பிறகு புள்ளி வைத்தார். ஒன்பது புள்ளி ஆறு ஒன்று. அதிலிருந்து ஒன்பதைக் கழிக்கச் சொன்னேன். புள்ளி ஒன்றால் வகுக்கச் சொன்னேன். ஆறு புள்ளி ஒன்று. அச்சடித்த தாளில் இருந்ததையும் தான் எழுதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அடுத்ததையும் அவராகவே போட ஆரம்பித்தார்.

"கணக்கு இருக்கட்டும் மாமா, கதவு வச்ச ரூமு" என்று மாமா தொடங்கினார்.

அதுவரை அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்தாள். தன் தம்பியை எதிர்த்து அவள் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நீ பாத்தது அவ படிக்கட்டு ஏறினத. மேல ஏறிப் போயி பாத்தியா? பாக்கலல்ல. பாக்காததப் பேசாத. அந்தக் கலசப்பாக்கத்துக்காரங்ககிட்டயும் பொண்ணு படிச்சிகினு இருக்குதுன்னு சொல்லிடு."

மாமா அன்று காபி குடிக்காமல் போனார்.

மறுநாள் மாலை அப்பா என்னோடு அந்த மாடிக்கு ஏறினார். அக்காவுக்கு அவர் யாரென்று பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"ஐயா, உங்க பொண்ணு இன்னா பாக்கறான்னு நான் தெனமும் பாத்துகினுதான் இருக்கேன். ஒரு படம் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லாம் எக்ஸ்ஸு, ஒய்யி. எனக்கே பேஜாரா இருக்கும்."

அப்பா அறையின் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து, மூன்றாவது அறையின் கதவைக் கழற்ற ஆரம்பித்தாள். கீலில் ஒரு திருகு மாட்டிக்கொண்டது. அப்பா ஸ்குரூ டிரைவரை வாங்கிக் கழற்றிக் கொடுத்தார். கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். "இப்ப யார் வேணா வந்து பாக்கட்டும்" என்றாள் அக்கா. அப்பா காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் மாமா சொன்ன கதை. "நெட் சென்டர்" என்ற பெயர் அப்போதுதான் வந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இரண்டாம் பெஞ்சுக்கு மாறிப்போனாள். அவள் யாரென்று அவளுக்குத் தெரியும்.

அரையாண்டுத் தேர்வு. இது உங்களுக்கும் தெரிந்ததுதான், நீங்களும் அங்கே இருந்தீர்கள். பரப்பு காண்கிற ஒரு சின்னக் கணக்கு. ஒய் சமம் எக்ஸ் கழித்தல் ஒன்று என்ற கோட்டுக்கும் எக்ஸ் அச்சுக்கும் நடுவே, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை பரப்பு எவ்வளவு? சாரின் ஸ்டென்சில் தாளில் விடை ஒன்றரை என்று இருந்தது. நீங்கள் எல்லோரும் ஒன்றரை எழுதினீர்கள். நான் படம் போட்டேன். கோடு ஒன்று வரை அச்சுக்குக் கீழே போகிறது, பிறகு மேலே வருகிறது. கீழே ஒரு முக்கோணம் அரை, மேலே ஒரு முக்கோணம் இரண்டு. மொத்தம் இரண்டரை. ஒரே மூச்சில் தொகையிட்டால் கீழே இருப்பது மேலே இருப்பதைத் தின்றுவிடும். இதை ஃபோரத்தில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டங்களை எண்ணினால் போதும்.

தாள் திரும்பி வந்தபோது அந்தக் கணக்கின் மேல் சிவப்பில் ஒரு பூஜ்யம். எழுந்தேன்.

"சார், இது சரி சார்."

"விடை ஒன்றரை. தாள்ல குடுத்திருக்கேன்ல?"

"தாள்ல இருக்கறது தப்பு சார்."

யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அவர் சிவப்புப் பேனாவை மூடினார். "பத்து வருஷமா இதத்தாம்மா எழுதிகினு வராங்க. எல்லாரும் பாஸாயிருக்காங்க."

"பத்து வருஷமா தப்பு சார். கட்டம் போட்ட தாள்ல வரைஞ்சிருக்கேன். எண்ணிப் பாருங்க."

"இதையும் நெட்டுல எவனாவது சொன்னானா?"

வகுப்பு சிரித்தது. நீங்கள் சிரித்தீர்கள்.

"யாரும் சொல்லல சார். நானே போட்டேன்."

"வெளிய போ."

போனேன். வராந்தாவில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக நாற்பது தலை தெரிந்தது. நாற்பது பேர் கையிலும் அதே கணக்கு இருந்தது. ஒருத்தியாவது கட்டத்தை எண்ணியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருத்தியும் எழவில்லை.

மறுநாள் சார் வகுப்புக்கு வந்தார். வருகைப் பதிவு எடுத்தார். பலகைக்குத் திரும்பி, அந்தக் கோட்டை வரைந்தார். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை தனியாக, ஒன்றிலிருந்து மூன்று வரை தனியாகத் தொகையிட்டு, இரண்டரை என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். "எல்லாரும் தாள்ல திருத்திக்குங்க" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. என் தாளில் இருந்த பூஜ்யம் அப்படியே இருந்தது. நான் போய்க் கேட்கவும் இல்லை.

அவருக்கு அப்போது ஐம்பது இருக்கும். மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் நாற்பதுக்கு மேல், வீட்டில் டியூஷன். எந்தப் பிள்ளை பெயிலானாலும் அதன் படிப்பு அன்றோடு நின்று தறியில் உட்கார்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் தாள் தாளாக எழுதிக் கொடுத்தார். இது இப்போது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காக அவர் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு "எனக்குத் தெரியல, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று பலகையில் அந்த இரண்டு கோடு போட எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று நினைத்தால் மட்டும் மனசு கொஞ்சம் இளகுகிறது.

பொதுத்தேர்வில் எனக்குக் கணக்கில் முழு மதிப்பெண் வரவில்லை. மனப்பாடம் செய்தவர்களில் நான்கு பேர் என்னைவிட அதிகம் வாங்கினீர்கள். நான் கல்லூரியில் கணக்குத்தான் படித்தேன், தினம் பஸ்ஸில் வேலூர் போய் வந்து. இன்று ஒரு கம்பெனியில் பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறேன். எங்கள் ஆபீஸில் யார் என்ன விடை சொன்னாலும் நான் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன். அதற்கும் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். மாமா என் கல்யாணத்துக்கு வந்தார். அந்த ஃபோரம் இப்போது இல்லை. தேடிப் பார்த்தேன், பக்கமே திறக்கவில்லை. எனக்குப் பதில் எழுதியவர்கள் யாரென்று கடைசி வரை தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும். கடைசியாக ஒரு முறை போய்விட்டு வரலாம் என்று அக்கா கடைக்குப் போனேன். குழந்தை அப்போது தூளியில் நிற்காமல் தவழ ஆரம்பித்திருந்தது. கதவில்லாத அறையில் உட்கார்ந்து ஃபோரத்தைத் திறந்தேன். எனக்குக் கேட்க எதுவும் இல்லை. சும்மா கீழே இறங்கிக்கொண்டே போனேன். எந்த ஊரிலோ யாரோ ஒருவர், பரப்பு எப்படி மைனஸில் வரும், நான் எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டிருந்தார். இரண்டு நாளாக யாரும் பதில் சொல்லாமல் கிடந்தது.

இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு அடிக்க ஆரம்பித்தேன். படம் போடு. கோடு எங்கே அச்சைக் கடக்கிறது என்று பார். அங்கே வெட்டி, இரண்டையும் தனித்தனியாகப் போடு. நம்பாவிட்டால் கட்டத்தை எண்ணு. என் ஆங்கிலத்தில் இதை அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்காவின் குழந்தை என் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

இரண்டு நாள் கழித்து, பரீட்சை நெருங்கிவிட்டது என்று அம்மா சொல்லச் சொல்ல, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பதிலுக்குக் கீழே பதில் இருந்தது. புரிந்துவிட்டது, சரியாக வருகிறது, மிக்க நன்றி சார் என்று.

அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். பரீட்சை இருந்தது, பஸ் இருந்தது. ஆனால் உட்கார்ந்தேன். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாக, தப்பில்லாமல் அடித்தேன்.

நான் சார் இல்லை. நான் ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு. ஊர் ஆரணி.